வன்னியில் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் ஓட்டம்: வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால், கொஞ்ச நேரத்தில் கடைகள் முடிந்து காடு தொடங்கிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்த இடத்தில்தான் புதிதாக ஒரு சத்தம் கேட்கும். செயினா, எஞ்சினா, பின் ரயரில் காற்று இறங்குகிறதா என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கும். தோள் இறுகும். வீதியைப் பார்க்க வேண்டிய கண் மீற்றரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வட இலங்கையின் வன்னியில் நீண்ட தூரம் ஓடுகிற பலருக்கு இந்தப் பயம் பழக்கம். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அதை அடக்கப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இயந்திரம் என்றால் என்றோ ஒருநாள் பழுதாகத்தான் செய்யும், அது மனதுக்கும் தெரியும். பலன் தருவது வேறு வழி: பயத்துக்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுப்பது. புறப்படுவதற்கு முன் அது சொல்வதையெல்லாம் கையால் தொட்டுப் பாருங்கள். வழியில் முன்பே தீர்மானித்த இடங்களில் நிறுத்தி, மறுபடி சில நிமிடம் அதற்குக் கொடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் வீதிக்கு மட்டும் கவனம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒழுங்கை உண்டாக்கத்தான்.

படி 1: பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் ஆளை விழுத்தக்கூடிய பழுதுகள்: ரயர் வெடிப்பது, பிறேக் பிடிக்காமல் போவது, செயின் அறுந்து பின் சக்கரத்தில் சுற்றிக்கொள்வது, சக்கர அச்சு நட்டு தளர்வது, சக்கர பெயரிங் உடைவது. இரண்டாவதில் வண்டியை நிறுத்திவிடும் பழுதுகள்: பிளக், ஃபியூஸ், கிளச் கேபிள், பற்றரி, பெற்றோல் ஏறாமல் போவது, சாதாரண பஞ்சர். மூன்றாவதில் வீடு போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கக்கூடியவை: லேசான ஒயில் கசிவு, சிக்னல் பல்ப், மீற்றர் கேபிள், சைலன்சர் மூடியின் கிலுகிலுப்பு.

இப்படி எழுதியவுடன் ஒன்று தெரியவரும். பெரும்பாலானோரின் கவலை முழுக்க எஞ்சினைச் சுற்றியே இருக்கும். எஞ்சின் நின்றால் நீங்கள் வீதியோரத்தில் நிற்பீர்கள், அவ்வளவுதான். உயிரோடு சம்பந்தப்பட்டவை ரயர், பிறேக், செயின் மூன்றும். அவைதான் மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடக்கும். முதல் நிரலில் உள்ளவை பெரும்பாலும் முன்னறிவிப்புத் தந்துவிட்டே பழுதாகும் என்பது நல்ல செய்தி. அறிவிப்பைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 2: ஒரு கிழமைக்கு முன்பே பார்த்து முடியுங்கள்

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் வண்டியைக் கராஜில் விடுவது நல்லதல்ல. புதிதாகப் போட்ட சாமான், திறந்து பூட்டிய நட்டு, மாற்றிய கேபிள் எல்லாவற்றுக்கும் கொஞ்ச ஓட்டம் வேண்டும். சர்வீஸ் முடிந்து ஐம்பது கிலோமீற்றராவது ஊருக்குள் ஓடிவிட்டுப் பயணம் போங்கள். தளர்வது ஏதும் இருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தளரட்டும்.

ரயரில் தொடங்குங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். வன்னி வெயிலில் நின்று நின்று இறப்பர் இறுகிப்போகும். பூ, அதாவது வீதியில் படும் வெட்டு வடிவம், நன்றாக இருந்தாலும், ஐந்து ஆண்டு தாண்டிய ரயரைச் சந்தேகத்தோடு பாருங்கள். சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள். பூவின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். ரயர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். நம் ஊர்களில் ஓடும் நூறு முதல் நூற்றைம்பது சிசி வண்டிகளுக்கு முன்னுக்கு 25, பின்னுக்கு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண் கையேட்டிலோ செயின் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரிலோ இருக்கும்.

அடுத்தது செயின். இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் ஆட வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி பாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் இன்னோரிடத்தில் இறுக்கமாகவும் இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை. அதை இறுக்கி இறுக்கிச் சமாளிக்க முடியாது. பிறகு பின் பல்சக்கரத்தின் கடைசி வளைவில் ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்றும் காலம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால், பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். செயினில் கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். திருப்பிப் போட்ட கிளிப் கல் பட்டுக் கழன்று போகலாம்.

டிஸ்க் பிறேக் என்றால் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிறேக் பாட்டின் தடிப்பைப் பாருங்கள். அதன் தேய்மானக் கோடு அழிந்திருந்தாலோ, ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வந்திருந்தாலோ மாற்றுங்கள். பிறேக் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்திருந்தால் அதுவும் மாற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். பிடியை அழுத்தும்போது பஞ்சுபோல உள்ளே போனால் குழாயில் காற்று இருக்கிறது. ட்ரம் பிறேக்கில் வெளித் தட்டில் உள்ள அம்புக்குறி தேய்மான எல்லைக் குறிக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, பெயரிங்கில் கடகட என்ற அசைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கம். எஞ்சின் ஒயில் அளவுக்கு இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கென்றே ஜாசோ எம்.ஏ. என்று எழுதிய ஒயிலை விடுங்கள், கார் ஒயிலில் கிளச் வழுக்கக்கூடும். வண்டி நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் சரி. எயார் ஃபில்ரரைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். கிரவல் வீதிகளில் ஓடும் வண்டியில் செம்மண் புழுதி நிறைந்திருக்கும், நகரத்து வண்டிக்குச் சொன்ன சர்வீஸ் கணக்கு இங்கே பொருந்தாது.

பூட்டிய முக்கிய நட்டுகளின் மேல் வெள்ளைப் பெயின்றால் நட்டிலும் பக்கத்து இரும்பிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்து வையுங்கள். தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். வழியில் பத்து விநாடியில் பார்த்துவிடலாம், ஸ்பானர் எடுக்கவே தேவையில்லை. மனதுக்கு இது தரும் நிம்மதி பெரிது.

படி 3: கொண்டுபோவதை வீட்டில் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள்

பின் சக்கர அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் வண்டியோடு வந்த பையில் பல வேளை இருக்காது. முதலில் அதைத் தேடி வாங்குங்கள். பிளக் ஸ்பானர், ஒரு புதுப் பிளக், இரண்டு ஃபியூஸ், கொஞ்ச வயர், இன்சுலேஷன் ரேப், பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி, குறடு, செயின் கிளிப் ஒன்று, தலையில் மாட்டும் ரோச் லைற், கைப்பம் ஆகியவை போதும். ரியூப் இல்லாத ரயர் என்றால் ஒட்டும் கிற். ரியூப் ரயர் என்றால் ஒரு ரியூப்பும் ரயர் கழற்றும் லீவர் இரண்டும். ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் கண்டவுடன் பிடுங்க வேண்டாம். காற்று மெதுவாகத்தான் போகும், காற்றடித்து அடித்து அடுத்த ஊர் வரை போகலாம்.

கிளச் கேபிள் விஷயத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் கூடவே அதே வழியில் ஓடவிட்டு, இரு முனைகளையும் ரேப்பால் சுற்றி அப்படியே கட்டி வைத்துவிடுங்கள். பழையது அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டுவதுதான் வேலை, பெற்றோல் ராங்கியைக் கழற்றத் தேவையில்லை. கேபிள் பொதுவாகக் கைப்பிடியின் முனையில்தான் அறும். அறுவதற்கு முன் ஒன்றிரண்டு கம்பி இழை பிரிந்து நிற்கும். மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள்.

இவ்வளவையும் பையில் போட்டுக் கட்டுவதோடு வேலை முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில், அந்தப் பையில் உள்ள சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு, பின் சக்கரத்தைக் கழற்றி மறுபடி பூட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள். எந்த ஸ்பானர் இல்லை என்பது முற்றத்தில் தெரியவந்தால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். கை ஒருமுறை செய்த வேலையைப் பற்றி மனம் அவ்வளவாகக் கவலைப்படாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: உதவி எங்கே இருக்கிறது என்று வீதியைப் படியுங்கள்

வன்னியின் வீதிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஏ9இல் வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் தொடர்ந்து வரும். இரவிலும் பஸ் ஓடும். இந்த வீதியில் வண்டி நின்றால் அது சிரமம்தான், ஆபத்து இல்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35இலும் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஆள் நடமாட்டம் உண்டு.

யோசித்துப் போக வேண்டியவை வேறு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு போகும் ஏ34, அங்கிருந்து நெடுங்கேணி பக்கம் இறங்கும் வீதிகள், மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் போகும் வீதி ஆகியவற்றில் ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு நீளும், சிக்னல் விட்டு விட்டு வரும். மன்னாரிலிருந்து பூநகரி ஊடாகப் போகும் ஏ32 நல்ல காபெற் வீதி. ஆனாலும் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இந்த வீதிகளில் ஏறுவதற்கு முன் கடைசியாக வரும் பெரிய ஊரில் பெற்றோலை நிரப்புங்கள். "பாதி இருக்கிறது, போதும்" என்ற கணக்கு கவலைக்குத் தீனி போடும்.

புறப்படும் நேரம் இதில் முக்கியம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். ஏ9இலேயே இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால், இடையில் மூன்று மணித்தியாலம் வண்டியோடு மினக்கெட்டாலும் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டவருக்கு ஒரு பஞ்சர்கூடப் பெரிய விஷயமாகிவிடும். பழுது அதே பழுதுதான், மிச்சமிருக்கும் வெளிச்சம்தான் வித்தியாசம். மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, குளங்கள் வான் பாயும்போது சின்ன வீதிகளில் தண்ணீர் குறுக்கே ஓடும். ஆழம் தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம். தள்ளி வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, எயார் ஃபில்ரரைப் பார்த்து, ஒயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று கவனித்த பிறகுதான் அடுத்த வேலை.

எந்த வண்டியில் போவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லையா? விசுவமட்டிலும் முழங்காவிலிலும் நாலு பேர் ஓடுகிற வண்டி எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். அதனால் சாதாரண வண்டிகளின் சாமான் சின்ன ஊர்க் கராஜிலும் கிடைக்கும், கையும் பழகியிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் எம்.டி.90 மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. காபரேற்றர் வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எலக்ரோனிக் முறையில் பெற்றோல் பாய்ச்சும் புது வண்டிகளுக்குக் கணினி மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களில் தேடுவதுதான் சரி.

படி 5: ஓடும்போது சத்தத்தை எப்படிக் கேட்பது

புதுச் சத்தம் கேட்டால் முதலில் வீதியைப் பாருங்கள். காபெற்றிலிருந்து கிரவலுக்கு இறங்கியிருக்கிறீர்களா? பக்கத்தில் மதில் வந்ததா? பாலத்தில் ஏறினீர்களா? இவை ஒவ்வொன்றும் அதே வண்டியை வேறு மாதிரிக் கேட்க வைக்கும். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகம் வீசும் மாதங்களில் வண்டி பக்கவாட்டில் ஆடும். சக்கரத்தில் ஏதோ போய்விட்டது என்று பயந்து நடுப்பாலத்தில் பிறேக் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். காற்று என்றால் பாலம் முடியும்போது ஆட்டமும் முடியும்.

வீதியில் காரணம் தெரியவில்லை என்றால் ஒரு சோதனை. நேரான, வெறுமையான இடத்தில் கிளச்சை இழுத்து, அக்சிலேற்றரை விடுங்கள். எஞ்சின் சுற்று இறங்கும், வண்டி அதே வேகத்தில் உருளும். சத்தம் எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் அது எஞ்சின் பக்கம். வண்டியின் வேகத்தோடேயே தொடர்ந்தால் சக்கரம், செயின், பிறேக் பக்கம். முதலாவது என்றால் அடுத்த நிறுத்தம் வரை நிதானமாக ஓடலாம், ஒயில் விளக்கு எரியாமலும் தட்டும் சத்தம் கூடிக்கொண்டு போகாமலும் இருந்தால். இரண்டாவது என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்துங்கள். சோதனைக்கு ஐந்து விநாடிதான் போகும். "என்னவோ ஏதோ" என்ற கவலை அதற்குப் பிறகு இருக்காது, செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கும்.

நிறுத்தங்களை முன்பே தீர்மானியுங்கள். ஏ9இல் போகிறவருக்கு முறிகண்டி இருக்கிறது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு, அப்படியே வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். ரயரைப் பாருங்கள், வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள், எஞ்சினுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள், ஒரு சக்கரம் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் பிறேக் உரசுகிறது அல்லது பெயரிங் போகிறது. மற்ற வீதிகளிலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று தேநீர்க் கடையோ கோயிலோ சேர்ச்சோ தேர்ந்தெடுத்து வையுங்கள். இடையில் சந்தேகம் எழுந்தால் "மாங்குளத்தில் பார்ப்பேன்" என்று மனதுக்குச் சொல்லுங்கள். மாங்குளம் வந்ததும் சொன்னபடி கட்டாயம் இறங்கிப் பாருங்கள். பார்க்காமல் விட்டால் அடுத்தமுறை மனம் உங்களை நம்பாது.

இன்னொன்று, உடம்பையும் கவனியுங்கள். பயத்தில் ஹான்டிலை இறுக்கிப் பிடித்தால் கை விறைக்கும், வண்டியின் சின்ன அதிர்வும் பெரிதாகத் தெரியும், கிரவலில் முன் சக்கரம் தன்பாட்டில் ஓட இடமிருக்காது. முழங்கையைத் தளர்த்துங்கள், முழங்காலால் ராங்கியை அணையுங்கள். நண்பகல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடுபவருக்கு எல்லாச் சத்தமும் கெட்ட சத்தமாகத்தான் கேட்கும்.

படி 6: நின்றேவிட்டால், முதல் பத்து நிமிடம்

கிளச்சை இழுத்து உருண்டபடியே ஓரத்துக்கு வாருங்கள். நிழலைத் தேடிக் காட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு நிற எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ தெரியும் இடத்தில் வீதியின் ஓரத்தைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள், சிறுநீர் கழிக்கப் போவதென்றாலும்கூட. பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடந்த தடம் இருக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

ஹெல்மெற்றைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். பிறகு இந்த ஒழுங்கில் பாருங்கள். சிவப்புக் கில் சுவிட்ச் தவறுதலாக அமுங்கியிருக்கிறதா? திறப்பு சரியாக இருக்கிறதா? பக்க ஸ்ராண்ட் மேலே போயிருக்கிறதா? ராங்கியில் பெற்றோல் இருக்கிறதா, குழாயை ரிசேர்வுக்குத் திருப்பியாயிற்றா? ஃபியூஸ்? இந்த ஐந்தையும் விட்டுவிட்டு நேராக எஞ்சினைத் திறக்கப் போகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, யாரும் நினைக்காத ஒன்று: ராங்கி மூடி. அதில் காற்றுப் போவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும். புழுதியும் வண்டி கழுவிய தண்ணீரும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகும். பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடிய வண்டி, பெற்றோல் தீர்ந்ததுபோல இழுத்து இழுத்து நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்ரார்ட் ஆகும், மறுபடி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுதான். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிடுங்கள், வேலை முடிந்தது.

அதுவும் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை இளம் பழுப்பு என்றால் நல்லது. கறுத்துக் கரிபிடித்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது அல்லது காற்று அடைபட்டிருக்கிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் சூடு கூடிப்போயிற்று. எதுவானாலும் புதுப் பிளக்கைப் போட்டு முயற்சி செய்யுங்கள். சூட்டில் மட்டும் நின்று ஆறியபின் ஓடுகிற வண்டி என்றால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பக்கம் சந்தேகம். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, மெதுவாக அடுத்த ஊர் வரை போய்ச் சேரப் பாருங்கள்.

இதற்குள் யாராவது நிறுத்தியிருப்பார்கள். வன்னி வீதியில் பொனற்றோ மூடியோ திறந்து நிற்கும் வண்டியைக் கண்டால் லாண்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தில் போகிறவரும் நிறுத்திக் கேட்பார்.

"என்ன தம்பி, நிண்டு போச்சோ?"

"ஓம் அண்ணை. பிளக் மாத்திப் பாத்திட்டன், ஃபியூஸும் நல்லாயிருக்கு. பெற்றோல்தான் ஏறேல்லப் போல."

இப்படி, பார்த்து முடித்ததைச் சொல்லுங்கள். வந்தவருக்கு மெக்கானிக் வேலை தெரிந்தால் அடுத்த இடத்திலிருந்து தொடங்குவார். தெரியாவிட்டாலும் அடுத்த ஊர்க் கராஜ்காரருக்கு அதே வசனத்தைப் போய்ச் சொல்லுவார், அவர் சரியான சாமானோடு வருவார். வண்டியைக் கயிறு கட்டி இன்னொரு மோட்டார் சைக்கிளால் இழுக்கச் சம்மதிக்க வேண்டாம், விழுந்தால் இரண்டு பேரும் விழுவீர்கள். லாண்ட்மாஸ்ரர் பெட்டியிலோ சின்ன லொறியிலோ ஏற்றுவது மேல். பொழுதுபடுகிறது, ஒன்றும் சரிவரவில்லை என்றால், பக்கத்து வீட்டு முற்றத்தில் வண்டியை விட்டு, இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். அடிபட்டிருந்தால் 1990 அம்புலன்ஸ், பொலிஸ் 119. முக்கியமான இலக்கங்களைக் காகிதத்திலும் எழுதிப் பொக்கற்றில் வையுங்கள், தொலைபேசியில் சார்ஜ் தீரலாம்.

படி 7: பயம் வண்டியைப் பற்றியது இல்லை என்றால்

இந்த மண்ணைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் போர் முடியும் வரை இங்கே இருந்தவர்களுக்கு வீதியில் வண்டி நிற்பது என்பது வெறும் பழுதாக இருக்கவில்லை. பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தபோது, ஒரு பஞ்சர் ஒரு குடும்பத்தையே நடுவீதியில் விட்டிருக்கிறது. அந்த நாளைக் கண்டவருக்கும், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும், வெறிச்சோடிய வீதியில் எஞ்சின் ஒருமுறை இருமியதும் நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைப் பிளக் மாற்றித் தீர்க்க முடியாது என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்.

எப்படி வேறுபடுத்துவது? வண்டியைப் பற்றிய பயம் என்றால் நிறுத்திச் சோதித்ததும் இறங்கும். சோதித்த பிறகும் இறங்காவிட்டால், போவதற்கு முதல் நாள் இரவே நித்திரை வராவிட்டால், குறிப்பிட்ட ஒரு இடத்தைக் கடக்கும்போது மட்டும் கை நடுங்கினால், காரணம் வேறு. அப்படியானவர்கள் முதலில் ஏ9இல் குறுகிய தூரம், துணைக்கு இன்னொரு வண்டியோடு, காலை வெளிச்சத்தில் ஓடுங்கள். எதற்குப் பயம் என்று கூடவரும் ஆளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் படபடப்பு வந்தால் நிறுத்தி, இரண்டு காலையும் நிலத்தில் வைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். அடங்கியபின் புறப்படலாம், திரும்பியும் போகலாம். அன்றாட வாழ்க்கையையே இது தொட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அழைப்புக்குக் காசு தேவையில்லை.

படி 8: வந்து சேர்ந்த பிறகு

மறுநாள் வண்டியைக் கழுவும்போது கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். எங்கே என்ன சத்தம் கேட்டது, இறங்கிப் பார்த்தபோது என்ன இருந்தது, எவ்வளவு ஒயில் குறைந்தது, செயின் எவ்வளவு தளர்ந்தது, எந்த ஊரில் எந்தக் கராஜ் திறந்திருந்தது என்று எழுதுங்கள். "ஒட்டுசுட்டான் தாண்டிக் கிலுகிலுப்பு, சைலன்சர் மூடி ஆணி தளர்வு" என்று ஒரு வரி இருந்தால், அடுத்தமுறை அதே சத்தம் கேட்கும்போது நீங்கள் அதை எஞ்சின் என்று நினைக்க மாட்டீர்கள். கிரவலில் ஓடி வந்திருந்தால் செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒயில் விட்டு, எயார் ஃபில்ரரை அன்றே கழற்றித் தட்டி வையுங்கள். பையிலிருந்து எடுத்துப் போட்ட பிளக்குக்கும் ஃபியூஸுக்கும் பதில் புதிதை அந்தக் கிழமைக்குள்ளேயே வாங்கி வையுங்கள்.